கறுப்புத் திரையில் 10.0 என்று வந்தால் பழைய விண்டோஸா?

கேள்வி: களியக்காவிளையில் வாழைத்தார் மொத்த வியாபாரம் செய்கிறேன். கடைக் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலி மென்பொருள் ஓடுகிறது. வாங்கும்போதே விண்டோஸ் 11 என்றார்கள். பாறசாலையிலிருந்து வரும் சர்வீஸ்காரரோ கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, அதில் 10.0 என்று இருப்பதைக் காட்டி, "இது பழைய 10, அப்டேட் நின்றுபோச்சு, ஃபார்மட் அடித்து 11 போட 2,500 ரூபாய்" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: பணத்தை எடுக்காதீர்கள். விண்டோஸ் 11 உள்ள கணினியிலும் அந்தத் திரை 10.0 என்றுதான் காட்டும். மைக்ரோசாஃப்ட் பெயரை மாற்றியது, உள்ளே இருக்கும் எண்ணை மாற்றவில்லை. கடையில் உட்கார்ந்திருப்பவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நீங்களே பாருங்கள். விண்டோஸ் பட்டனை அழுத்தியபடி ஆர் எழுத்தைத் தட்டினால் சின்னப் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்று சேர்த்து அடித்து என்டர் கொடுங்கள். அங்கே 'ஓஎஸ் பில்ட்' என்று ஓர் எண் இருக்கும். புள்ளிக்கு முன்னால் உள்ள ஐந்து இலக்கம் 22000 அல்லது அதற்கு மேல் என்றால் உங்களுடையது 11.

பக்கத்திலேயே வெர்ஷன் என்று ஒன்று இருக்கும். அதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 22எச்2 என்ற ஒரே பெயர் இரண்டுக்கும் உண்டு. பில்ட் 19045 என்றால் அது 10-இன் 22எச்2, 22621 என்றால் 11-இன் 22எச்2. பெயர் ஒன்று, ஆள் வேறு! 11-இன் 24எச்2 என்றால் 26100, 25எச்2 என்றால் 26200.

உண்மையிலேயே 10 ஆக இருந்தால், அதற்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அப்போதும் ஃபார்மட் தேவையில்லை. கணினிக்குத் தகுதி இருந்தால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குள்ளேயே 11 இலவசமாக வரும், டேலியும் அப்படியே இருக்கும்.

ஃபார்மட் என்று எவராவது ஆரம்பித்தால் உஷாராகுங்கள். லைசென்ஸ் இல்லாத விண்டோஸைப் போட்டு, அப்டேட்டையே அணைத்துவிட்டுப் போகிறவர்கள் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. என்ன விண்டோஸ், யார் லைசென்ஸ் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அனுப்பிவிடுங்கள். யார் கை வைப்பதாக இருந்தாலும், டேலி பேக்கப்பை முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்துக் கல்லாப்பெட்டியில் வைத்துவிடுங்கள்.