ரிஜிஸ்டர் மேரேஜ் மட்டும் போதுமா?

தூத்துக்குடியில இருந்து ஒரு பொண்ணு கேட்டிருக்காங்க. அவங்க ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர், கட்டிக்கப் போறவர் இந்து. "ரெண்டு பேரும் சம்மதிச்சு கையெழுத்து போட்டா கல்யாணம்தானே, எதுக்கு ஓலை (சர்ச்ல கல்யாண அறிவிப்பு வாசிக்கிறது), மந்திரிப்பு (சாமியார் கல்யாணத்தை நடத்தி வைக்கிறது) எல்லாம்? அம்மா, கோயில்ல, அதாவது சர்ச்ல மந்திரிக்கலன்னா பூசையில நன்மை (நற்கருணை) வாங்க முடியாதுங்கறாங்க. யார் சொல்றது சரி?"

ரெண்டு பேர் சொல்றதும் சரிதாம்மா. 1954 ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல பதிஞ்சா சட்டப்படி நீங்க புருஷன் பொண்டாட்டி, ஒரு குறையும் கிடையாது. உங்க வயசு பசங்க எல்லாம் சம்மதம்தான் முக்கியம், மத்ததெல்லாம் சடங்குங்கறாங்க. திருச்சபையும் சம்மதம்தான் கல்யாணம்னுதான் சொல்லுது, ஆனா கத்தோலிக்கர்னா அதை சாமியாரும் ரெண்டு சாட்சியும் நிக்க, சாகுற வரைக்கும்னு சொல்லணும். வெறும் ரிஜிஸ்டர்னா அவங்க கணக்குல கல்யாணமே ஆகல, நன்மை விஷயத்துல அம்மா சொல்றதுதான் நடக்கும்.

அதுக்காக அவர் மதம் மாறணுமான்னா, வேண்டவே வேண்டாம். பங்கு சாமியார் மூலமா பிஷப் ஹவுஸ்ல விலக்கு, அதாவது கிறிஸ்தவர் இல்லாதவரைக் கட்டிக்க அனுமதி, வாங்கணும், அவ்வளவுதான். வாக்கு கொடுக்க வேண்டியது நீங்க மட்டும், விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடிஞ்ச மட்டும் பாடுபடுவேன்னு. அந்த "முடிஞ்ச மட்டும்" இருக்கே, அதை நல்லா கவனிங்க. அவருக்கு இது தெரிஞ்சிருந்தா போதும், அவர் எந்த வாக்கும் கொடுக்க வேண்டாம். "பையனை முதல்ல ஞானஸ்நானம் வாங்கச் சொல்லு"ன்னு யாராவது சொன்னா அது அவங்க சொந்தச் சரக்கு. இப்படி சர்ச்ல நடந்தா 1872 கிறிஸ்தவ திருமணச் சட்டப்படியே செல்லும், அதுக்கு ஒருத்தர் கிறிஸ்தவரா இருந்தா போதும்.

இப்ப நான் பயப்படுறது வேற. ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிர்ல டீக்கடை பெஞ்சுல கக்கத்துல ஃபைலோட ஒரு புரோக்கர் உட்கார்ந்திருப்பார், "ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்டோட 30 நாள் நோட்டீஸ் எதுக்கு மேடம், காலைல இந்து கோயில்ல தாலி, மத்தியானம் சர்டிபிகேட், உங்க பேரை மட்டும் லேசா மாத்திப் போட்டுக்கலாம்"பார். போயிடாதீங்க. இந்து திருமணச் சட்டம் ரெண்டு பேரும் இந்துவா இருந்தாத்தான். ஆந்திராவுல ஒரு கத்தோலிக்கர் இந்துப் பொண்ணுக்கு இந்து கோயில்ல தாலி கட்டி, பதிவும் பண்ணி, கடைசியில 2008ல சுப்ரீம் கோர்ட் அந்தக் கல்யாணம் செல்லாதுன்னுடுச்சு. புரோக்கரை மட்டும் சொல்லி என்ன, வயசுக்கு வந்த ரெண்டு பேர் கல்யாணம் பண்ண பேரையும் விலாசத்தையும் போர்டுல ஒட்டி, ஊரையே ஆட்சேபம் சொல்லக் கூப்பிடுற அந்த ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்தானே அந்தாளுக்கு சோறு போடுது.

சர்ச் கல்யாணத்துக்கு நாளைக்கே நீங்க ஞானஸ்நானம் வாங்கின பங்குல போய் புது ஞானஸ்நான சான்றிதழ் கேளுங்க, பெரும்பாலும் 6 மாசத்துக்குள்ள எடுத்ததா கேப்பாங்க, பீரோல இருக்குற லேமினேஷன் காப்பி செல்லாது.