ஸ்டூலைப் பிடிச்சவன்

அண்ணே, 'அகராந்தோ புவெப்லோ' படம் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சேன். கானாடுகாத்தான்ல பெரிய வீட்டுல தனியா இருக்க ஒரு ஆச்சியைப் பத்தி நானும் டாக்குமெண்டரி எடுக்குறேன். லைட்டை அணைச்சு உட்கார வச்சதும் அழுதுட்டாங்க, செம ஷாட். அவங்களுக்குப் பணம் குடுக்குறது தப்பா? எந்த கேமரா வாங்கலாம்?

- தேவகோட்டை வாசகன்

தம்பி,

கேமரா பத்தி எனக்குத் தெரியாது. பணம் உங்களுக்கும் ஆச்சிக்கும் உள்ள கணக்கு. ஆனா யாரைப் பார்த்து சிரிச்சீங்க? 1970-கள்ல கொலம்பியாவுல மாயோலோவும் ஓஸ்பினாவும் எடுத்த அந்தக் கிண்டல் படத்துல, ஜெர்மன் டிவிக்கு ஏழ்மை வேணும்னு ஒரு கோஷ்டி தெருத்தெருவா அலையும், தண்ணிக்குள்ள காசை வீசி பசங்களைக் குதிக்க விடும், கடைசில குடிசைக்காரரு அவங்க நீட்டுற நோட்டாலயே பின்பக்கத்தைத் துடைப்பாரு. அந்தக் கிண்டல் உங்களுக்கும்தான்யா, எனக்கும்தான்.

நான் காலேஜ் படிக்கறப்ப எங்க வீட்டுக்கும் ஒரு டீம் வந்துச்சு. பட்டாலைக் கூடத்துல டிவி மேல துணி போர்த்தினாங்க, சத்தம் வருதுன்னு ஃப்ரிட்ஜ் ப்ளக்கைப் புடுங்கினாங்க, முகப்புல அப்பத்தாவோட கதை பேசிக்கிட்டிருந்த பக்கத்து வீட்டு ஆளுகளைக் கிளப்பி விட்டாங்க, டியூப்லைட்டையும் கழட்டிட்டு "தனியா இருக்கிறது எப்படி இருக்கு ஆச்சி?"ன்னு கேட்டாங்க. "நீங்கதானப்பா எல்லாரையும் வெரட்டி விட்டீக"ன்னுச்சு அப்பத்தா. அதை வெட்டிட்டாங்க. "ஒன் மோர் ஆச்சி, பெருமூச்சு மட்டும்." அப்பத்தாவும் பிள்ளைக ஆசையா கேக்குதேன்னு நாலு தடவை விட்டுச்சு, நடுவுல கந்தரப்பம் வேற குடுத்துச்சு. ஆர்க்டிக் பனியில வாழுற ஒரு குடும்பத்தைப் பத்தி 1922-ல வந்த 'நானூக்' டாக்குமெண்டரிக்கு, அதை எடுத்த ஃப்ளாஹர்ட்டி உள்ள வெளிச்சம் பத்தலைன்னு பாதி பனிவீடுதான் கட்டினாரு, அந்தாளுக்கு வெளிச்சம் வேணும், நம்மாளுகளுக்கு இருட்டு வேணும், இருக்கிற வெளிச்சத்தைக் கழட்டியாவது.

டியூப்லைட் கழட்ட ஸ்டூலைப் பிடிச்சது நான்தான் தம்பி. வெளிச்சத்தைத் திருப்பி விடுற தெர்மாகோல் அட்டையைப் பிடிச்சதும் நான்தான், சினிமாக்காரங்களோட நிக்கிற பவுசு. முடிஞ்சதும் அவங்க கூடவே காரைக்குடிக்கு சாப்பிடப் போயிட்டேன். பத்து மணிக்குத் திரும்பி வந்தா வளவு முற்றத்துல இருட்டுக்குள்ள அப்பத்தா தூணுல சாஞ்சு உட்கார்ந்திருக்கு, மாட்டி விட ஆளில்ல, ஸ்டூல்ல ஏற முழங்கால் விடாது. "வந்துட்டியாப்பா, சாப்பிட்டியா"ன்னுச்சு. அப்ப பெருமூச்செல்லாம் விடல.

"செம ஷாட்"னு எழுத உங்களுக்குக் கை கூசலையா? நல்ல பிள்ளையாத்தான் தெரியுறீங்க, அதான் திட்டுறேன். இன்னைக்கே ஒரு நடை போய் ஆச்சியோட உட்கார்ந்து சீரியல் பாருங்க. கேமரா வேணாம். எதுக்கும் அந்த ஃப்ரிட்ஜ் ப்ளக்கையும் பார்த்துட்டு வாங்க.