கேதார்கந்தாவுக்கு முன் நம்பி மலை

அண்ணாச்சி, டிசம்பரில் குடும்பத்தோடு உத்தராகண்டில் இருக்கிற கேதார்கந்தா சிகரத்துக்கு மலையேறப் போகிறோம், 10 வயது மகனுக்கு பாபநாசம் அகத்தியர் அருவி வரை நடந்து பழகினால் போதுமா என்று கேட்டிருக்கீங்க. போதாது. அங்கே அருவிக்குப் பக்கத்திலேயே வண்டி போய்விடும். அருவிக்கு மேலே இருக்கிற கல்யாண தீர்த்தத்துக்குப் படியேறினாலும் மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும்.

திருக்குறுங்குடி பக்கம் நம்பி மலையில் இருக்கிற மலைநம்பி கோயிலுக்கு நடந்து போங்க. கல்லும் மேடுமான காட்டுப்பாதை. பையன் முடியாதென்று உட்கார்ந்துவிட்டால் கோயிலுக்குப் போகிற ஜீப்பில் ஏற்றிவிடலாம். புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை சோதனைச் சாவடியில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்க. புரட்டாசி சனிக்கிழமை வேண்டவே வேண்டாம், கூட்டம் தாங்காது.

சுமைக்குப் பழக, பையில் துணிக்குப் பதில் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்க. 1 லிட்டர் 1 கிலோ, கணக்கு சுலபம். மேலே போனதும் கொட்டிவிட்டால் இறங்கும்போது முட்டிக்கு நல்லது. பையனுக்கு 2 லிட்டர் தாராளம். கேதார்கந்தாவில் போடப்போகிற அதே ஷூ, அதே சாக்ஸ்.

மறுநாள் காலைதான் உண்மையான சோதனை. அன்றைக்கும் பையை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரமாவது நடங்க. குதிகால் கொப்புளமும் "இன்னும் எவ்வளவு தூரம்ப்பா"வும் அப்போதுதான் வெளியே வரும். குளிரும் 12,500 அடி உயரமும் நம்ம பக்கத்தில் பழக முடியாது. அதற்கு அங்கேயே ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்க.