நல்ல கங்காணியின் பயம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட்டில் நீங்கள் சிலப்பதிகாரத்துச் சேர அரசன் செங்குட்டுவனைப் பற்றிப் பேசியபோது நானும் கூட்டத்தில் இருந்தேன். அரச குடியில் பிறப்பது துன்பமே தவிர தொழத்தக்கது இல்லை என்று அவன் சொல்லும் இடம் வந்ததும் எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. யுத்தத்துக்கு முன் இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர் கங்காணி, கூலியாட்களைச் சேர்த்து வேலை வாங்குபவர். யார் மேலும் கை நீட்டாதவர், வட்டி வாங்காதவர் என்று இன்றைக்கும் நல்ல பெயர் உண்டு. ஆனால் பாட்டி ஒரு விஷயம் சொல்வார். "என் வாயை நெனச்சாத்தான் எனக்குப் பயம். தொரைகிட்ட ஒரு வார்த்தை தப்பா விழுந்தா ஒரு குடும்பம் மூட்டை கட்டணும்" என்று தாத்தா அவரிடம் மட்டும் சொல்வாராம். வெளியே மீசையை முறுக்கிக்கொண்டுதான் திரிந்திருக்கிறார். அந்தப் பயம்தான் அவரை நல்லவராக வைத்திருந்ததா? பெரிய அரசர்களுக்கும் இப்படி ஒரு ரகசியப் பயம் இருந்திருக்குமா?

ம., ஓய்வுபெற்ற ஆசிரியை, சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள டீச்சர்,

இருந்திருக்கிறது. ஆனால் அது யாரையும் நல்லவராக வைத்திருக்கப் போதுமா என்றால், போதாது என்றே எனக்குப் படுகிறது.

செங்குட்டுவனையே பாருங்கள். பாண்டியன் உயிர்விட்ட கதையைக் கேட்டதும்தான் அவன் அப்படிப் பேசுகிறான். மழை பொய்த்தால் பயம், குடிகளுக்கு ஒரு தீங்கு வந்தால் அதைவிடப் பெரிய பயம், கோல் கோணிவிடுமோ என்று எந்நேரமும் பயம். சிலப்பதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. சரி, இவ்வளவு பயந்தவன் அடுத்து என்ன செய்கிறான்? கண்ணகிக்குக் கல் எடுக்க இமயத்துக்குப் படை திரட்டுகிறான். பொதியமலையில் கல்லா இல்லை? தோற்ற வடநாட்டு அரசர்கள் கனகனும் விசயனும் அந்தக் கல்லைத் தலையில் சுமந்து வருகிறார்கள். வஞ்சிக்குத் திரும்பிய பிறகும் சோழனும் பாண்டியனும் இகழ்ந்து பேசினார்கள் என்று கேட்டு அவனுக்குக் கண் சிவக்கிறது. அந்த நேரத்தில் அவனைத் தடுத்தது அவனுடைய பயம் இல்லை, மாடலன் என்ற மறையவன். ஆட்சிக்கு வந்து 50 ஆண்டு ஆகிவிட்டது, இன்னும் மறக்கள வேள்விதான் செய்துகொண்டிருக்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். அதற்கப்புறம்தான் சிறைப்பட்ட வடநாட்டு அரசர்களுக்குக் கதவு திறக்கிறது.

நீங்கள் கேட்ட ரகசியப் பயத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் அசோகர். கலிங்கத்தில் ஒன்றரை லட்சம் பேரை நாடு கடத்தினோம், ஒரு லட்சம் பேரைக் கொன்றோம், அதைப்போலப் பல மடங்கு பேர் மாண்டார்கள் என்று தன் கணக்கைத் தானே கல்லில் வெட்டி வைத்தவர். அவருடைய 13-ஆம் பாறைக் கல்வெட்டு அது. இன்றைய பாகிஸ்தானில் ஷாபாஸ்கடியில் இருக்கிறது, குஜராத்தில் கிர்நாரில் இருக்கிறது, ஆந்திராவில் எர்ரகுடியில் இருக்கிறது. கலிங்கத்தில் இல்லை! ஒடிசாவில் தவுலி, ஜௌகடா இரண்டு இடத்திலும் மற்ற ஆணைகளை வெட்டியவர்கள் 11 முதல் 13 வரை விட்டுவிட்டார்கள். தன் பலத்தைக் கண்டு தனக்கே வந்த நடுக்கத்தை ஊரெல்லாம் சொன்ன மனிதர், அடிபட்டவர்களிடம் மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக அங்கே வேறு இரண்டு ஆணைகள் இருக்கின்றன, அதிகாரிகளுக்கு. எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்கிறார். காரணமே இல்லாமல் ஒருவன் சிறைப்படலாம், வதைபடலாம், அப்படி நடக்க விடாதீர்கள் என்கிறார். அது எதனால் நடக்கும் என்றும் சொல்கிறார்: பொறாமை, கடுமை, அவசரம், சோம்பல், களைப்பு. களைப்பு என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அந்தக் காலத்துத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன், ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டுக் களத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிடுகிறார்கள். பின்னால் நிற்கும் ஒருத்தி பதில் சொன்னது காதில் விழவில்லை. தூக்கக் கலக்கத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பென்சில் ஒரு கோடு இழுத்துவிடுகிறது. அவளுக்கு அன்றைய சம்பளம் போச்சு. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதிகாரம் இப்படியும் அடிக்கும் என்று அசோகருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இந்த ஆணையை நட்சத்திர நாள் பார்த்துப் படித்துக் காட்டுங்கள், கேட்க ஒரே ஒருவன் இருந்தாலும் படியுங்கள் என்கிறார். கடுமையில்லாத அதிகாரி ஒருவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்புவேன் என்கிறார். அவருடைய கண்ணீரைவிட இந்த ஐந்தாண்டுச் சோதனைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனாலும் ஒன்றை விட்டுவிடக் கூடாது. வருத்தப்பட்டு எழுதிய அதே 13-ஆம் கல்வெட்டில் காட்டுக்குடிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. வருந்துகிற நிலையிலும் தண்டிக்கிற பலம் என்னிடம் உண்டு என்கிறார். பயந்தவர்தான், கத்தியைக் கீழே வைத்துவிடவில்லை.

உங்கள் பக்கத்து ஊரையே சொல்கிறேன். கோலகங்சார் அரண்மனையில் 1984 முதல் 2014 வரை பேராக் மாநிலச் சுல்தானாக இருந்தவர் சுல்தான் அஸ்லான் ஷா. இடையில் நாட்டின் பேரரசராகவும் இருந்தார். அரியணைக்கு வருமுன் நீதிபதி. 1970-களின் இறுதியில் ஒரு நில வழக்கின் தீர்ப்பில், சட்டம் தரும் எந்த அதிகாரத்துக்கும் சட்டத்திலேயே எல்லை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சர்வாதிகாரம் என்று எழுதினார். எங்கள் விருப்பம், எப்படி வேண்டுமானாலும் முடிவெடுப்போம் என்று அரசாங்கம் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். அதில் பயம், கலக்கம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் நாளைக்கு நானும் நீங்களும் அதைக் காட்டி வழக்குப் போடலாம். செங்குட்டுவனின் பயத்தை வைத்து என்ன வழக்குப் போடுவது?

இப்போது தாத்தாவுக்கு வருகிறேன். கங்காணி என்றால் ஏதோ மேஸ்திரி என்று இன்றைய பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் ஊருக்குப் போய்த் தன் சொந்தபந்தங்களையே ஆள் சேர்த்துக் கூட்டி வந்தவர். வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு. கடன் அவரிடம், பஞ்சாயத்து அவரிடம், துரையிடம் பேசுகிற வாயும் அவருடையது. வேலை போனால் லயத்து வீடும், தோட்டம் தந்த அந்த வரிசை வீடும், போய்விடும், அதனால்தான் தாத்தா மூட்டையைப் பற்றிப் பேசினார். 1938-ல் இந்திய அரசாங்கம் இங்கே கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. அதற்கப்புறம் புது ஆள் வரத்து நின்றதே தவிர, லயத்தில் இருந்தவர்களுக்குக் கங்காணியின் வாய்தான் வாய்.

அவருடைய பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அசோகருக்கு மேலே யாரும் இல்லை, உங்கள் தாத்தாவுக்கு மேலே ஒரு துரை இருந்தார். பயத்தை வெளியே காட்டியிருந்தால் மறுநாளே வேறு ஒரு மீசை வந்திருக்கும். ஆகவே அவர் மறைத்ததைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பயம் பாட்டியைத் தாண்டிப் போகவில்லை. லயத்துச் சனங்கள் அவருடைய நல்ல குணத்தை நம்பிப் பிழைத்தார்கள், தட்டிக் கேட்டு எதையும் வாங்க அவர்களுக்கு வழி இல்லை. பருவமழை மாதிரிதான், பெய்தால் உண்டு. 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்தபோது, எங்கள் கங்காணி நல்லவர், எங்களுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. சின்ன வயதில் நானும் பெரியவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு எனக்கு அன்றைக்கும் ஒத்துவரவில்லை, இன்றைக்கும் ஒத்துவரவில்லை.

நல்லவராக வைத்திருந்தது பயம்தானா என்று கேட்டீர்கள். பாட்டி சொன்னதை வைத்து மட்டும் அதை முடிவு செய்ய முடியாது, டீச்சர். தாத்தா தப்பாகப் பேர் குறித்தபோது, "கங்காணி, நான் வந்திருந்தேன்" என்று சொல்ல எவருக்காவது தைரியம் இருந்ததா, சொன்னபோது அவர் திருத்தினாரா என்று தெரிய வேண்டும். அந்த லயத்துக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே நாலு பேராவது இருப்பார்கள். கங்காணியின் பேத்தி கேட்டால் முதலில் நல்லதைத்தான் சொல்வார்கள். கொஞ்சம் உட்கார்ந்து பேசிவிட்டு எழுதுங்கள்.