கேள்வி நேரம்: கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போவதா, வேண்டாமா?

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டி வரிசையாகக் கல்குவாரிகள் வரப்போகின்றன. அடுத்த மாதம் கருத்துக்கேட்புக் கூட்டமாம். “எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள், போய் என்ன ஆகப்போகிறது?” என்கிறார்கள் ஊரில். போகலாமா?
– வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: போங்கள், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி இந்தக் கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கணக்கே கிடையாது. நீங்கள் புறக்கணித்தால் நாலு பேரை உட்காரவைத்தும் நடத்தி முடித்துவிடலாம், சட்டப்படி அதுவும் கூட்டம்தான். 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும், குவாரியால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் வரைவு அறிக்கை பார்வைக்கு இருக்கும். தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும்தான், அதை நம்பி உட்காராமல் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் யாரையாவது கூட்டிக்கொண்டு போய் ஆங்கில அறிக்கையையே புரட்டுங்கள்.

முதலில், குவாரியைச் சுற்றி 10 கிலோமீட்டர் ஆரத்துக்கான வரைபடம். உங்கள் ஏரி, ஓடை, பள்ளிக்கூடம், ஆடு மேயும் புறம்போக்கு எல்லாம் அதில் இருக்கின்றனவா? அப்புறம் கிணற்று நீர்மட்டத்தை எந்த மாதம் அளந்தார்கள் என்று பாருங்கள். மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவத் தரவு போதும் என்பது விதி, ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு ஜனவரியில் அளந்தால் எந்தக் கிணற்றிலும் தண்ணீர் மேலேதான் நிற்கும், சித்திரையில் எட்டிப் பார்த்தால் அல்லவா தெரியும்! ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளைத் தொகுப்பாகத்தான் பார்க்க வேண்டும், ஆகவே தூசியையும் லாரி நடையையும் எல்லாக் குவாரிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

செடி, பறவைப் பட்டியலை விட்டுவிடாதீர்கள், வேறு ஊர் அறிக்கையைப் பார்த்து எழுதியதா என்பது அதில் தெரிந்துவிடும். மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பத்தி பத்தியாக எடுத்துப் போட்டது அம்பலமானது. அறிக்கை எழுதும் ஆலோசகருக்குப் பணம் கொடுப்பதே திட்டக்காரர்தான் என்னும்போது வேறென்ன எதிர்பார்ப்பது?

கூட்டத்தில் “வேண்டாம், வேண்டாம்” என்று கத்தினால் நடவடிக்கைக் குறிப்பில் “சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்” என்று ஒரு வரியில் முடிந்துவிடும். பக்க எண், சர்வே எண் சொல்லிப் பேசுங்கள், அதையே மனுவாகவும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கடைசியில் குறிப்பை வாசித்துக் காட்ட வேண்டும், அதுவரை எழுந்து போய்விடாதீர்கள்.

கேள்வி: ஊரே எதிர்த்தால் திட்டம் நின்றுவிடுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: நிற்காது அம்மா. இது ஓட்டெடுப்பு இல்லை. நிபுணர் குழு பரிசீலித்துப் பரிந்துரைக்கும், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமோ மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமோ முடிவெடுக்கும். ஆனால் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்திருந்தால் கொடுத்த அனுமதியையே ரத்து செய்யலாம். அனுமதி வந்த 30 நாளுக்குள் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம், தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை பொறுத்துக்கொள்வார்கள், அதற்குப் பிறகு கதவு மூடிவிடும்.