பனிக்குள் குருவி இருக்குமா?

வணக்கம்.

உங்கள் பறவைக் குறிப்புகளை மகள்தான் எனக்குக் காட்டினாள். எனக்கு 66 வயது. ஊரில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். போன வைகாசியில் கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் தினமும் காலையில் தொண்டைமானாற்றுப் பக்கம் நடந்து பழகியவன். மாரியில் அங்கே வாத்துக் கூட்டம் வந்து இறங்கும். பெயர் தெரியாது, ஆனாலும் பார்த்துக்கொண்டு நிற்பேன். இங்கே கோடை முழுவதும் பிறிம்லி வீதிப் பூங்காவில் நடந்தேன். பனி கொட்டத் தொடங்கியதும் மகள் வெளியே விடுவதில்லை, விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாள். யன்னலோரம் இருந்து வெள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று கேள்விகள். இந்தக் குளிரில் குருவிகள் இங்கே இருக்குமா, எல்லாம் தெற்கே போய்விடாதா? போன கிழமை காரில் போகும்போது ஓடையில் ஐஸுக்கு மேல் வாத்துகள் நிற்பதைக் கண்டேன். அவற்றின் கால் விறைக்காதா? என் வயதில் ஒருவர் இந்த மாதங்களில் குருவி பார்க்க வெளியே போகலாமா? பெயர் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். வெள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலமும் அப்படித்தான் போனது. ஐந்து மாதம் உலகத்தையே மூடி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த ஐந்து மாதத்தை வீணாக்கியதற்கு இன்றைக்கும் வருந்துகிறேன். நீங்கள் வீணாக்கக்கூடாது.

குருவிகள் இருக்கின்றன. கோடையில் நீங்கள் பார்த்தவற்றில் பல போய்விட்டன, உண்மைதான். ஆனால் போகாமல் இருப்பவை உண்டு. பனிக்காலத்தைக் கழிப்பதற்கென்றே இங்கே வருபவையும் உண்டு. ஜங்கோ என்று ஒரு சின்னக் குருவி. மேல் உடம்பு சிலேட்டு நிறம், வயிறு வெள்ளை, எழும்பிப் பறந்தால் வாலின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை தெரியும். கோடையில் வடக்கே ஊசியிலைக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு ஒதுங்க ஸ்காபரோவுக்கு வருகிறது. நமக்கு இது எவ்வளவு வடக்கு! ஜங்கோவுக்கு இதுதான் தெற்கு. ஒன்ராறியோ ஏரிக்கு ஆர்க்டிக்கிலிருந்து நீள்வால் வாத்து வருவதும் இதே கணக்கில்தான். பிறந்த இடத்தில் தண்ணீர் உறைந்துவிடுகிறது, உறையாத தண்ணீரைத் தேடி வருகிறது. தொண்டைமானாற்றில் உங்களை நிற்கவைத்த அந்த வாத்துகள் ஆசியாவின் வடக்கிலிருந்து இறங்கியதும் இதற்காகத்தான். அதனால் உங்களுக்கு இது புதுப் பாடமே அல்ல.

அடுத்தது வாத்தின் கால். இதை நீங்களாகவே கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள், எனக்குப் பெரிய சந்தோஷம். உடம்பிலிருந்து சூடான இரத்தத்தைக் கீழே கொண்டுபோகும் குழாய்களும், பாதத்திலிருந்து குளிர்ந்த இரத்தத்தை மேலே கொண்டுவரும் குழாய்களும் வாத்தின் காலில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இறங்கிப் போகும் சூடு பாதம் வரை போவதில்லை. ஏறி வரும் இரத்தம் அதை வழியிலேயே வாங்கிக்கொண்டு உடம்புக்குத் திரும்புகிறது. பாதத்துக்குப் போய்ச் சேரும் இரத்தம் உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான். பாதத்தில் தசையும் மிகக் குறைவு, எலும்பும் நாரும்தான் கூட, அதனால் அந்தக் கொஞ்சச் சூடு அதற்குப் போதும். கால் ஏற்கெனவே குளிராக இருப்பதால் ஐஸுக்கு அது கொடுக்கும் சூடும் சொற்பம். அடுத்த முறை வடிவாகப் பாருங்கள். சில வாத்துகள் ஒரு காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் செருகியிருக்கும்.

சரி, நீங்கள் போகலாமா? போகலாம், ஐயா. இதைவிட ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: குருவி பார்க்கத் தொடங்குவதற்குப் பனிக்காலத்தைப் போல நல்ல காலம் கிடையாது. வைகாசியில் இங்கே ஒரு பூங்காவில் நின்றால் தலை சுற்றும். இலைகளுக்குள் சின்னச் சின்னதாக இருபது முப்பது இனங்கள் ஓடித் திரியும், பெரும்பாலானவை ஒரு வாரத்தில் போய்விடும். பெயரைப் பிடிப்பதற்குள் ஆளைக் காணோம். இப்போது மரத்தில் இலை இல்லை. ஒரு காலை நடையில் பத்து இனம் பார்த்தாலே நல்ல நாள். அந்தப் பத்தும் நாளைக்கும் இருக்கும், அடுத்த கிழமையும் இருக்கும், அதே மரங்களில் இருக்கும். ஒரு குருவியைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகுவதற்கு இந்த மாதங்கள்தான் இடம் தருகின்றன. தூரம் போக வேண்டியதே இல்லை. ஒரே பாதை, ஒரே நேரம், அரை மணித்தியாலம். நான் பத்து வருடங்களாக என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்துக்குள்தான் பார்க்கிறேன். இன்னும் முடியவில்லை.

நீங்கள் முதலில் தேட வேண்டியது சிக்கடீயை. கறுப்புத் தொப்பி, கறுப்புத் தாடி, வெள்ளைக் கன்னம், உருண்டை உடம்பு. தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிடும்: சிக்-அ-டீ-டீ-டீ. ஆபத்து பெரிதென்றால் கடைசியில் வரும் ‘டீ’யின் எண்ணிக்கை கூடும். எடை பதினொரு கிராம் அளவில்தான். இரண்டு ஒரு டொலர்க் குற்றிகளைக் கையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான் முழுக் குருவியும். அந்தப் பதினொரு கிராம் மைனஸ் 20 இல் பதினைந்து மணித்தியால இரவைக் கடக்கிறது. இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் சிக்கடீயைப் பார்த்ததில்லை. பகலில் ஓயாமல் தின்று கொழுப்புச் சேர்க்கும். பின்னேரம் ஒரு மரப்பொந்துக்குள் புகுந்து, இறகுகளை ஊதி, உடம்பின் வெப்பத்தைத் தானே பத்துப் பாகை அளவுக்கு இறக்கிக்கொள்ளும். விளக்கைத் தணித்து எண்ணெயை மிச்சம் பிடிப்பது போல. விடியும்போது சேர்த்த கொழுப்பு ஏறக்குறையத் தீர்ந்திருக்கும், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இலையுதிர் காலத்தில் விதைகளை ஒவ்வொன்றாகப் பட்டை இடுக்குகளில் ஒளித்து வைக்கிறது. வைத்த இடத்தைப் பல வாரங்களுக்கு நினைவில் வைத்திருக்கிறது.

சிக்கடீயை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பனிக்காலத்தில் அவை சிறு கூட்டமாக, தங்களுக்கென்று ஒரு பகுதியை வைத்துக்கொண்டு சுற்றும். மற்றக் குருவிகள் அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். பல கண்கள் இருந்தால் பருந்தை யாராவது ஒருவர் முதலில் காண்பார் அல்லவா? அதனால் டீ-டீ என்ற சத்தம் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சின்ன மரங்கொத்தி வரலாம். மரத்தில் தலைகீழாக இறங்கிவரும் நட்ஹாச் வரலாம். இரண்டு கார்டினல் வந்தால் அன்றைக்கு வேறெதுவும் வேண்டாம். ஆண் முழுச் சிவப்பு, பெண் மண் நிறத்தில் செம்மஞ்சள் அலகோடு. புதுப்பனி விழுந்த மரத்தில் அந்தச் சிவப்பைப் பார்ப்பதை எந்தப் புகைப்படத்தாலும் காட்ட முடியாது. எனக்கு என்னவோ பெண்தான் கூடுதல் அழகு.

இனி மகளின் பயம். அது நியாயமான பயம், லேசாக எடுக்க வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பூங்காச் சரிவில் சறுக்கி விழுந்து என் மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை பிளாஸ்டரோடு இருந்தேன். புதுப்பனியில் நடப்பது பயமில்லை, உருகித் திரும்ப உறைந்த பாதைதான் ஆளை விழுத்தும். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் முள்ளு வைத்த ரப்பர் வார் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கித் தரச் சொல்லுங்கள், அது இல்லாமல் வாசல்படி இறங்க வேண்டாம். பூங்காக்களில் சில பாதைகளுக்குப் பக்கத்தில் பனிக்காலப் பராமரிப்பு இல்லை என்று பலகை வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் போகாமல், பனி தள்ளி உப்புப் போட்ட பாதையிலேயே நில்லுங்கள். குருவி அங்கேயும் வரும். காற்றுக் குளிர் மைனஸ் 28 ஐத் தொட்டால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறைந்துவிடலாம் என்று கனடாவின் வானிலைத் துறையே எச்சரிக்கிறது. அப்படியான நாளில் யன்னலோரம் போதும்.

உடுப்பைப் பற்றி ஒன்று மட்டும். உடம்போடு ஒட்டும் உடுப்பு பருத்தியாக இருக்கக்கூடாது. நடக்கும்போது வியர்க்கும், நின்று பார்க்கும்போது அந்த ஈரமே எலும்பு வரைக்கும் குளிரும். கம்பளி அல்லது தெர்மல் போட்டு, மேலே இரண்டு அடுக்கு. நாம் நடப்பவர்களைவிடக் கூட நேரம் நிற்பவர்கள், அதனால் மற்றவர்களைவிட ஒரு அடுக்கு கூடவே வேண்டும்.

பைனாகுலர் கையில் இருந்தால் நல்லது, 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர்) என்று எழுதியிருப்பது வசதி. கண்ணில் வைக்கும்போது மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி மங்கிவிடும். திரும்பி வந்ததும் சூடான வீட்டுக்குள் அப்படியே எடுத்துப் போகாமல், வாசலிலேயே பைக்குள் மூடிவிடுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் உள்ளே ஈரம் பிடிக்காது. பைனாகுலர் இல்லையென்றாலும் போங்கள். சிக்கடீ கைக்கெட்டும் தூரத்துக்கு வரும் குருவி.

இடம் உங்களிடமே இருக்கிறது. பிறிம்லி வீதிப் பூங்கா என்று எழுதியிருப்பது தொம்சன் நினைவுப் பூங்காவாகத்தான் இருக்க வேண்டும். பெரிய மரங்கள் இருக்கின்றன, ஹைலண்ட் ஓடை ஓடுகிறது. ஓடையில் தண்ணீர் ஓடுமிடம் முழுதாக உறையாது. வாத்துகள் அங்கே கூடும். காலை ஒன்பது மணிக்குப் போங்கள், இரவுப் பசியில் எல்லாம் சுறுசுறுப்பாகத் தின்னும் நேரம் அது.

அதே பிறிம்லி வீதி தெற்கே முடியுமிடம் ப்ளஃபர்ஸ் பூங்கா, ஏரிக்கரை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது மருமகனைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். இறக்கம் செங்குத்தானது, நடக்க வேண்டாம். அங்கே கறுப்பு அலகோடு பெரிய அன்னங்கள் நிற்கும். செம்மஞ்சள் அலகென்றால் அது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த இனம். கறுப்பு அலகுக்காரர் இந்த மண்ணின் அன்னம், ட்ரம்பெற்றர். இறைச்சிக்கும் இறகுக்கும் சுட்டுச் சுட்டு 19 ஆம் நூற்றாண்டிலேயே ஒன்ராறியோவில் இல்லாமல் செய்துவிட்டார்கள். ஹரி லம்ஸ்டென் என்ற உயிரியலாளர் 1982 இல் அவற்றைத் திரும்பக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கினார். இன்று நீங்கள் பார்க்கப் போவது அந்த வேலையின் பலன். சிலவற்றின் சிறகில் எண் போட்ட மஞ்சள் பட்டை இருக்கும், எண்ணைக் குறித்து வையுங்கள். அப்படியே ஏரியின் உட்பக்கம் பார்த்தால் நீள்வால் வாத்துகள். அறுபது மீற்றர் ஆழம் வரை மூழ்கக்கூடியவை. தூரத்தில் ஒரு கூட்டம் பேசிச் சிரிப்பது போல் அவற்றின் சத்தம் தண்ணீரில் மிதந்து வரும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ரொறன்ரோவில் பூங்காப் பறவைகளுக்குத் தீனி போட நகரச் சட்டம் இடம் தராது. பாண் துண்டு போடுவது வாத்துக்கும் நல்லதல்ல. உங்கள் பின்வளவில் குருவிக்குத் தீனிக்கூடு வைக்கலாம். கறுப்புச் சூரியகாந்தி விதை வாங்குங்கள். கூட்டை யன்னலுக்கு ஒரு மீற்றருக்குள் வையுங்கள், அல்லது பத்து மீற்றருக்கு அப்பால். இடைத்தூரத்தில் வைத்தால் வேகமாக வந்து கண்ணாடியில் மோதிச் செத்துப்போகக்கூடும். அப்புறம், ஆந்தையைக் கண்டால் தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். இடத்தை யாருக்கும் பரப்ப வேண்டாம். பகலில் அது தூங்க வேண்டும்.

நீங்கள் ஆசிரியர், ஒரு கொப்பி வைத்துத் திகதி போட்டு எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். அந்த எழுத்துக்குப் பெறுமதி உண்டு. நத்தார் நாளில் கூட்டமாகப் போய்க் கண்ட பறவையை எல்லாம் சுடும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. சுட வேண்டாம், எண்ணுவோம் என்று 1900 இல் ஃப்ராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் கேட்டார். அந்த முதல் வருடம் 25 இடங்களில் எண்ணினார்கள். அவற்றில் ரொறன்ரோவும் ஒன்று. இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டிலும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பெப்ரவரியில் நான்கு நாட்களுக்கு வீட்டுப் பின்வளவிலேயே எண்ணும் ஒரு கணக்கெடுப்பு உண்டு, பதினைந்து நிமிடம் யன்னலோரம் இருந்து எண்ணி அனுப்பினால் போதும். உங்களிடம் யன்னலும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

தை மாதக் கடைசியில், வெயில் எறிக்கும் ஒரு குளிர்காலையில், சிக்கடீ டீ-டீ சொல்வதை விட்டுவிட்டு இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். முதற்சுரம் மேலே, இரண்டாவது கொஞ்சம் கீழே. பனி முழங்கால் அளவுக்குக் கிடக்கும்போதே அது கூடு கட்டும் காலத்துப் பாட்டைத் தொடங்கிவிடுகிறது. அதை நீங்கள் முதலில் கேட்கும் நாளையும் இடத்தையும் எனக்கு எழுதுங்கள். என் கொப்பியில் உங்களுடையதையும் சேர்த்து எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்.