அனுப்பிய அலை உள்ளே போய்ச் சேர்ந்ததா? – கேள்வி பதில்

டோகமாக் என்பது அணு இணைவுக்காகப் பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரானும் அயனியுமாகப் பிரிந்த சூடான வாயுவை, காந்தப்புலத்தால் பிடித்து வைக்கும் வளைய வடிவ இயந்திரம். அந்தப் பிளாஸ்மாவை ரேடியோ அலையால் சூடாக்குவது பற்றிப் போன வாரம் மும்பை மாட்டுங்காவில் பேசினோம். அந்த அலையை உள்ளே எப்படி அளப்பது என்ற இடத்தில் நேரம் முடிந்துவிட்டது. ரேடியோ அலை அளவீடுதான் என் வேலை என்பதால், வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சார், டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு திறன் தருகிறது என்பது மீட்டரிலேயே தெரிகிறதே. அப்புறம் உள்ளே எதற்கு அளக்க வேண்டும்? (கல்லூரி மாணவி, செம்பூர்)

ஆன்டெனாவை நோக்கிப் போனது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று மட்டும்தான் மீட்டர் சொல்லும், அம்மா. மீதி மையம் வரை போனதா, ஓரத்திலேயே தங்கிவிட்டதா என்பது அதில் தெரியாது. ஓரத்தில் தங்கும் அலை தொல்லை பிடித்தது. ஆன்டெனாவுக்குப் பக்கத்து உலோகப் பரப்புகளில் மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். அதனால் முடுக்கப்பட்ட அயனிகள் சுவரில் மோதி உலோக அணுக்களைப் பெயர்த்துவிடும். டங்ஸ்டன் போன்ற கனமான அணு மையத்துக்குள் புகுந்தால் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியேற்றும். சூடாக்க அனுப்பிய அலையே பிளாஸ்மாவைக் குளிர வைத்துவிடும். டிரான்ஸ்மிட்டர் கணக்கை மட்டும் காட்டி "இவ்வளவு சூடாக்கினோம்" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

எந்த அதிர்வெண்களைப் பற்றிப் பேசுகிறோம்?

அதைக் காந்தப்புலம்தான் தீர்மானிக்கிறது. புலத்தில் துகள்கள் சுற்றும் அதிர்வெண்ணை ஒட்டித்தான் அலையைத் தேர்ந்தெடுப்போம். 1 டெஸ்லாவுக்கு (டெஸ்லா காந்தப்புலத்தின் அலகு) புரோட்டான் சுற்றும் அதிர்வெண் சுமார் 15 மெகாஹெர்ட்ஸ், கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்துக்கு அதில் பாதி, எலக்ட்ரானுக்கு 28 கிகாஹெர்ட்ஸ். பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் என்ற பெரிய டோகமாக்கின் புலம் 5.3 டெஸ்லா. அங்கே அயனிகளுக்கு 40 முதல் 55 மெகாஹெர்ட்ஸ், எலக்ட்ரான்களுக்கு 170 கிகாஹெர்ட்ஸ் என்று திட்டம்.

பிரோப் (அளவிடும் முனை) ஒன்றை உள்ளே நுழைத்து அளந்துவிட முடியாதா?

ஓரத்தில் முடியும். மையத்தில் எந்தப் பொருளும் தாங்காது.

ஓரத்தில் வைப்பது சின்னக் கம்பி வளையம். அலையின் காந்தப்புலம் மாற மாற அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பக்கத்திலேயே மெகாவாட் ஆன்டெனா இருப்பதால், மின்புலமும் கம்பி வழியே ஒட்டிக்கொண்டு வரும். வந்தது காந்தப்புலச் சிக்னல்தானா என்று பார்க்க வளையத்தை 180 டிகிரி திருப்ப வேண்டும். உண்மையான சிக்னல் என்றால் கட்டம் (phase, அலை தன் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) தலைகீழாகும். ஆகாத பங்கு ஒட்டுச் சிக்னல். இந்தச் சோதனை செய்யாத தரவை என்னிடம் கொண்டுவராதே என்று என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

இரண்டு வளையங்களைப் பக்கத்தில் வைத்தால் கட்ட வித்தியாசத்திலிருந்து அலைநீளம் கிடைக்கும். இடைவெளி அரை அலைநீளத்துக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு முழுச் சுற்று கூடியதா குறைந்ததா என்றே தெரியாது. 50 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு வெற்றிடத்தில் அலைநீளம் 6 மீட்டர். 5 டெஸ்லாவில் அடர்த்தியான டியூட்டீரியம் பிளாஸ்மாவுக்குள் அதுவே சுமார் 15 சென்டிமீட்டராகச் சுருங்கும்.

அப்படியானால் மையத்தில் என்ன செய்வது ஐயா? (மாணவர், அணுசக்தி நகர்)

லேசர்தான், தம்பி. 10.6 மைக்ரான் கார்பன் டை ஆக்சைடு லேசரைப் பிளாஸ்மாவின் குறுக்கே விடுவார்கள். ரேடியோ அலை போகும்போது எலக்ட்ரான் அடர்த்தியில் மிக நுண்ணிய சிற்றலை எழும், அது லேசரின் கட்டத்தைத் துளியூண்டு மாற்றும். கண்டறிவான் பிரகாசத்தைத்தான் பார்க்கும், கட்டத்தைப் பார்க்காது. விலகாத ஒளியை மட்டும் கால் அலை தள்ளிவிட்டால் கட்ட மாற்றம் பிரகாச மாற்றமாகிவிடும். இந்த உத்தியை நுண்ணோக்கிக்காகக் கண்டுபிடித்த செர்னிக்கேவுக்கு 1953இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு சிக்கல், ரேடியோ அலையின் 80 மெகாஹெர்ட்ஸ் போன்ற வேகத்துக்குக் கண்டறிவான் ஈடுகொடுக்காது. அதனால் லேசரையே அதற்கு மிக அருகிலுள்ள அதிர்வெண்ணில் துடிக்க வைப்பார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் சுழலும் ஃபேன் இறக்கை மெதுவாக ஊர்வது போலத் தெரியுமே, அதேதான். மிஞ்சும் வித்தியாசம் சில நூறு கிலோஹெர்ட்ஸ், சுலபமாகப் பதிவாகும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஆல்கேட்டர் சி-மாட் டோகமாக் இதைச் செய்து காட்டியது. அங்கே ஆன்டெனா அனுப்பும் வேக அலை (fast wave) உள்ளே போய் அலைநீளம் குறைந்த வேறொரு அலையாக மாறுவதைப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட குறுகிய அலைகளில் ஒன்றான அயனி பெர்ன்ஸ்டைன் அலைதான் எழும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. லேசரில் தெரிந்தது இன்னொரு வகையான அயனி சைக்ளோட்ரான் அலை, அதுவும் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. இயற்பியலாளர் பெர்கின்ஸ் 1977இலேயே இதைக் கணக்கில் காட்டியிருந்தார். அளந்து உறுதியான முடிவு 2003இல் வெளியானது. உள்ளே அளக்காமல் இது தெரிந்திருக்காது.

ஒரு குறை உண்டு. லேசர் போகும் பாதை முழுவதும் சேர்ந்த மொத்தத்தைத்தான் காட்டும், அடர்த்தியைத்தான் காட்டும், மின்புலத்தை அல்ல. அதனால் கணினி மாதிரியிலிருந்தே "இந்த லேசர் என்ன பார்த்திருக்கும்" என்று கணக்கிட்டு ஒப்பிடுகிறார்கள்.

அலையைப் பார்க்காமல் வெப்பம் எங்கே போனது என்று சொல்ல வழி உண்டா?

உண்டு. திறனைச் சட்டென்று நிறுத்தி, ஒவ்வோர் ஆரத்திலும் எலக்ட்ரான் வெப்பநிலையின் சரிவு அந்தக் கணத்தில் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பார்கள். மாற்றம் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் எலக்ட்ரான்கள் திறனை வாங்கியிருக்கும். எந்த அலை கொண்டுபோய்க் கொடுத்தது என்பதை இது சொல்லாது.

நான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். இந்த வேலைக்கு முதலில் எதைக் கற்க வேண்டும்?

நெட்வொர்க் அனலைசரை, அதாவது ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் சிக்னலின் இழப்பையும் கட்டத்தையும் அளக்கும் கருவியை. பிரோப்பிலிருந்து ஆசிலோஸ்கோப் வரையுள்ள கேபிள், கனெக்டர், ஃபில்டர் எல்லாவற்றின் இழப்பையும் கட்டத்தையும், பயன்படுத்தப்போகும் அதே அதிர்வெண்ணில் நீங்களே அளந்து பழகுங்கள். பிளாஸ்மா இயற்பியலை அதோடு சேர்த்தே படிக்கலாம்.